எண்ணப்பட்டது

அப்பா காலமாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன்பு, ஒரு மாலை நேரத்தில், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை வெளியே இழுக்கச் சொன்னார். பெட்டிக்குள், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்கு ஏடுகள் ஏழு இருந்தன. மும்பையின் பழைய கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் சுற்றி வைத்திருப்பார்களே, அதே வகை ஏடுகள். அப்பா தாராவியில் ஒரு தோல் பொருள் கடையில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவர் என்பதால், கடைக் கணக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து முதல் ஏட்டைப் பிரித்தேன்.

கடைக் கணக்கு அதில் ஒரு வரியும் இல்லை. "சயான் ஆஸ்பத்திரி, சாத்தான்குளத்துப் பையன், கால் முறிவு, கஞ்சி 4 நாள்." "90 அடி ரோட்டு விதவை அம்மாளுக்கு வாடகை, ரூ. 60." "ஊருக்குப் பிரேதம் அனுப்பச் சேர்த்த பணத்தில் என் பங்கு, ரூ. 25." "தசமபாகம்." "உபவாசம், வெள்ளி." தேதி, பெயர், செய்தது, செலவானது என்று நான்கு பத்திகள், அச்சடித்தது போன்ற அவருடைய சாய்வெழுத்தில், பக்கம் பக்கமாக ஓடின. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும் முன் கணக்கை முடித்திருக்கிறார். கூட்டுத்தொகைக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அம்மாவுக்குக்கூட இந்த ஏடுகளைப் பற்றித் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஏல, ஏழையும் கூட்டிப் பாரு. பத்துமா?" என்று கேட்டார்.

புராட்டஸ்டண்ட் சபையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கான விடை மனப்பாடமாகத் தெரியும். எபேசியர் நிருபம், இரண்டாம் அதிகாரம், எட்டாம் ஒன்பதாம் வசனங்கள். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள். இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு. ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரே அப்பாதான். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதே வசனத்தை ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தவர். நான் சொல்லச் சொல்ல அவர் உதடும் கூடவே அசைந்தது. சொல்லி முடித்ததும் சற்று நேரம் ஏடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இதெல்லாம் வீணாப் போச்சால?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் விடை இல்லை. அப்பா 2011இல் போனார். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. முதல் கேள்விக்குச் சபைகள் ஐந்நூறு ஆண்டுகளாக விடை சொல்லிவருகின்றன. இரண்டாவதை ஒரு மனிதன் படுக்கையில் கிடந்து கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

விசுவாசமா கிரியையா, அதாவது மனிதனைக் கரைசேர்ப்பது நம்பிக்கையா நற்செயலா என்ற வழக்கை நான் முதன்முதலில் கேட்டது வேதசாஸ்திரப் புத்தகத்தில் அல்ல, அப்பாவின் கடை வாசலில். கடையில் தோல் வெட்டும் மாஸ்டராக இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், கத்தோலிக்கர், புதன்கிழமை தோறும் வேலை முடிந்ததும் மாகிம் புனித மிக்கேல் ஆலயத்து நவநாளுக்குப் போவார். அவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். மாலைத் தேநீரின்போது அப்பா அவரைச் சீண்டுவார்: மெழுகுவத்தி ஏற்றி மோட்சம் போக முடியுமா என்று. மாமா விடமாட்டார். "கிருபை இல்லாம அந்த மெழுகுவத்தியே எரியாதுன்னுதான் எங்க சாமியாரும் சொல்றாரு. உங்க லூத்தர்தான் பைபிள்ல இல்லாத ஒரு வார்த்தைய உள்ள சேத்துட்டாரு" என்பார்.

இரண்டுமே உண்மை என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் பொதுச்சங்கம் தன் ஆறாவது அமர்வில் வெளியிட்ட தீர்ப்புகளில் முதலாவது, இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் இறையருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களாலேயே கடவுளுக்கு ஏற்புடையவனாக முடியும் என்று சொல்பவரைத்தான் கண்டிக்கிறது. 'விசுவாசத்தினால் மட்டும்' என்பதைக் கண்டிக்கும் தீர்ப்பு ஒன்பதாவதாகத்தான் வருகிறது. கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பை வாங்கப் பார்க்கிறவர்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிச் சொல்லி வளர்ந்த எனக்கு, அந்த முதல் தீர்ப்பைப் படித்த நாளில் மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் சொல்லைச் சேர்த்ததும் உண்மைதான். 1522இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல் இருக்கிறது. எதிர்ப்பு வந்தபோது, மொழிபெயர்ப்பைப் பற்றி 1530இல் எழுதிய மடலில், ஒன்றை மறுத்து மற்றொன்றை நிலைநாட்டும் இடத்தில் ஜெர்மன் மொழி அந்தச் சொல்லைத் தானாகவே கேட்கிறது என்று வாதாடினார். கருத்தும் அதையே கேட்கிறது என்றார்.

தமிழில் இந்த வழக்குக்குத் தனிச் சொல்கூடத் தேவைப்படவில்லை. ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் 'விசுவாசத்தினாலேயே' நீதிமானாக்கப்படுகிறான் என்று இருக்கிறது. அந்தக் கடைசி ஏகாரத்தின் மேல் நான் பல இரவுகள் செலவிட்டிருக்கிறேன். நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் பிரிநிலையும் உண்டு, தேற்றமும் உண்டு. பிரிநிலை என்றால் விசுவாசத்தை மட்டும் பிரித்தெடுத்து மற்றதை எல்லாம் விலக்குகிறது. தேற்றம் என்றால் விசுவாசத்தினால்தான் என்று உறுதிப்படுத்துகிறது. பழைய உரைகாரர்கள் பிரிநிலைக்குத் தரும் எடுத்துக்காட்டு, "அவருள் இவனே கள்வன்". தேற்றத்துக்குத் தருவது, "உண்டே மறுமை". ஒரு கள்வனும் ஒரு மறுமையும். சிலுவையில் இயேசுவுக்கு அருகில் தொங்கிய கள்வனை நினைக்காமல் என்னால் அந்த இரண்டு வரிகளையும் படிக்க முடியவில்லை. ஒரு ரூபாய்கூட வரவு வைக்க நேரமில்லாதவனுக்கு, இன்றைக்கே நீ என்னுடன் பரதீசில் இருப்பாய் என்று வாக்குக் கிடைத்தது. அவன் விஷயத்தில் அந்த ஏகாரம் பிரிநிலையேதான்.

யாக்கோபின் நிருபத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் வருவது ஒரே ஓர் இடத்தில், அதுவும் மறுக்கப்படுவதற்காக: மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, 'கிரியைகளினாலேயும்' நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. லூத்தருக்கு இது பெருந்தொல்லையாக இருந்தது. 1522ஆம் ஆண்டு முன்னுரையில் அந்த நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார். லூத்தரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் அவர் அவசரப்பட்டார் என்றே நினைக்கிறேன். 'கிரியைகளினாலேயும்' என்பதில் இருக்கும் உம்மை, முன்னால் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது என்பதைத் தன்னுள் வைத்திருக்கிறது. வந்து நிற்பதை வெளியே தள்ளிவிட்டு உட்காரும் உம்மை தமிழில் கிடையாது.

ரோமர் நிருபத்தை எழுதிய பவுலும் யாக்கோபும் ஒரே மனிதனைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்து ஆபிரகாமைக் கூப்பிடுகிறார். பிள்ளையில்லாத முதியவன், நட்சத்திரங்களை எண்ணிப் பார் என்று சொன்னவரை அப்படியே நம்புகிறான். யாக்கோபு 22ஆம் அதிகாரத்து ஆபிரகாமைக் கூப்பிடுகிறார். பிறந்த அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மோரியா மலை ஏறுகிறான். இடையில் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, விறகு சுமக்கும் வயதை அடைந்திருக்கிறது. மலை ஏறியதால் அவன் நம்பிக்கைக்காரன் ஆகவில்லை; நம்பியவன் என்பதால் ஏறினான். ஆனால் ஏறாமல் இருந்திருந்தால், நட்சத்திரங்களுக்குக் கீழே நின்று தலையாட்டியது என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் யாக்கோபின் கேள்வி.

இந்த இரண்டு பேரும் 'விசுவாசம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறார்கள் என்று வேதசாஸ்திரிகள் விளக்குவதுண்டு. தமிழ் பேசுபவனுக்கு அந்த விளக்கம் வீட்டுப் பேச்சிலேயே கிடைக்கிறது. 'கடவுள் உண்டு என்று நம்புகிறேன்' என்பது ஒன்று. 'உன்னை நம்பித்தான் வந்தேன்' என்பது வேறு. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதுவது முதல் வகையைப் பற்றி. பவுல் பேசுவது இரண்டாவது வகை. அப்பா 1967இல், தாராவியில் ஒரு சித்தப்பா இருக்கிறார், படுக்க இடம் கொடுப்பார் என்று நம்பித் திருநெல்வேலியில் ரயில் ஏறியவர். கையில் ஒரு துணிப்பையும் சித்தப்பா எழுதிய அஞ்சலட்டையும்தான். மும்பை இருக்கிறது என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள். ரயில் ஏறியவர்கள் சிலர். அதேசமயம், ரயில் ஏறியதற்குக் கூலியாகச் சித்தப்பா இடம் கொடுத்தார் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் இடம் கொடுத்தது அவருடைய மனசு. அப்பா செய்தது அதை நம்பி வந்து சேர்ந்தது.

இதற்கு மறுபக்கத்துத் தவறு ஒன்று உண்டு. அதில் எனக்கும் பங்கு இருப்பதால் எழுதிவிடுகிறேன். இளைஞனாக இருந்தபோது நான் ஒரு ஜெபக்குழுவில் இருந்தேன். ஆலை வேலை போன ஒருவருடைய வீட்டுக்கு ஒரு மாலை ஏழெட்டுப் பேராகப் போனோம். ஒரு மணி நேரம் பாடினோம், ஜெபித்தோம். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், விசுவாசத்தை மட்டும் விடாதீர்கள் என்று கைகுலுக்கிவிட்டு இறங்கினோம். அந்த அம்மாள் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். பால் இல்லாத தேநீர். அவர்கள் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. என் சட்டைப்பையில் அன்று வாங்கிய சம்பளம் இருந்தது. 'நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சரீரத்துக்கு வேண்டியதைக் கொடாவிட்டால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்பதை அதற்கு முன்பும் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்தத் தேநீரின் கசப்போடு வாசிக்கும்போதுதான் அது எனக்கு எழுதப்பட்ட நிருபமாயிற்று.

லூத்தரும் இப்படிப்பட்ட விசுவாசத்தை விசுவாசம் என்று ஒப்புக்கொண்டதில்லை. ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் என்பது உயிருள்ளது, ஓயாமல் வேலைசெய்வது என்கிறார். நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் எப்படிப் பிரிக்க முடியாதோ அப்படியே விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது என்கிறார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் யாரோ அந்த முன்னுரையை வாசிக்கக் கேட்டபோதுதான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும், நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த ஏற்பே நம்மை நற்கிரியைகளுக்கு அழைக்கிறது என்ற சாரத்தில்தான் ஒன்றுபட்டது. மெதடிஸ்டுகள் 2006இலும் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகள் 2017இலும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அப்பாவும் மாமாவும் தேநீர்க் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்ற இடத்துக்குச் சபைகளும் வந்து சேர்ந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அப்பாவின் கேள்வி தீரவில்லை. அவர் ஏடு பெருமையின் ஏடு அல்ல. ஆலயத்தில் நின்று, வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று சொன்ன பரிசேயனுடைய ஏடாக இருந்திருந்தால் பிரசங்கம் எளிது. அது பயத்தின் ஏடு. முதல் பக்கத்தின் தேதி 1974 ஆகஸ்ட். பாட்டி ஊரில் இறந்தது அந்த ஜூலையில். புதிதாகச் சேர்ந்த வேலை போய்விடும் என்று அப்பா அடக்கத்துக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, யாரோ ஒரு வயதான அம்மாளுக்குச் சயான் ஆஸ்பத்திரியில் ரொட்டி வாங்கிக் கொடுத்ததாக முதல் வரி எழுதியிருக்கிறார். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்க எனக்கே அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன்பிறகு அந்த ஏடுகளைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு வரியும் ஒருவருடைய பசியைத் தீர்த்திருக்கிறது. எழுதியவரை மட்டும் அவை ஓர் இரவுகூட நிம்மதியாகத் தூங்கவிடவில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை, எங்களுக்கு நான்கு சந்து தள்ளி, ஏணி வைத்து ஏறும் மேல் அறையில் குடியிருந்தார். ஊர்ப் பக்கத்துச் சபைகளில் இருக்கும் கைப்பிடி அரிசிப் பழக்கத்தை மும்பையிலும் விடவில்லை. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, பழைய பால்பவுடர் டின் ஒன்றில் போடுவார். டின்னின் மேல் நகப்பாலிஷால் ஒரு சிலுவை வரைந்திருந்தது. மாதக் கடைசி ஞாயிறு அது சபைக்குப் போகும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆற்றின் தண்ணீர் எங்கள் சந்துகளில் இடுப்புக்கு மேல் நின்றது. மாதக் கடைசி என்பதால் டின் நிறைந்திருந்தது. அத்தை அந்தக் காணிக்கை அரிசி முழுவதையும் கஞ்சியாக்கி, ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, கீழே தண்ணீரில் நின்றவர்களுக்கும் எதிர்க்கூரையில் ஏறி இருந்தவர்களுக்கும் இரண்டு நாள் ஊற்றிக் கொடுத்தார். நானும் குடித்தேன். உப்புக் குறைவாக இருந்தது, சூடாக இருந்தது.

அப்பா போன பிறகு ஒருநாள் அத்தையிடம் இதைப் பேசினேன். "வெள்ளத்துலயா? நானா? எல்லாரும்தாம்ல ஆக்குனோம்" என்றார். எவ்வளவு சொல்லியும் அவருக்கு நினைவு வரவில்லை. கீழ்வீட்டு மராட்டிக்கார அம்மாள் தலையில் வைத்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தது மட்டும் துல்லியமாக நினைவிருந்தது. அது என்ன நிற டப்பா என்பதுவரை சொன்னார்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நான் அதுவரை தவறாகவே வாசித்து வந்திருக்கிறேன். பசித்தவனுக்குக் கொடுத்தவர்கள் ராஜ்யத்தைச் சுதந்தரிக்கிறார்கள், ஆகவே கிரியைதான் கணக்கு என்று அந்த உவமையை எடுத்துக்கொள்வோம். ஆனால் வலது பக்கத்தில் நிற்பவர்கள் ஏடு எதையும் நீட்டவில்லை. ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நினைவில்லை. கூலிக்குச் செய்தவனுக்கு மறக்காது. நாள் முழுதும் திராட்சத்தோட்டத்தில் உழைத்தவர்கள் மணிக்கணக்கை எவ்வளவு சரியாக வைத்திருந்தார்கள் என்பது அதே சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன்னை ஏற்றுக்கொண்டாயிற்று என்ற நிம்மதியில் கை நீட்டியவர்களுக்குத்தான் நீட்டியது மறந்துபோகிறது. எபேசியரில் நான் அப்பாவிடம் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தியது என் பெரும்பிழை. பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம், நாம் நடப்பதற்காகவே அவர் அவற்றை முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்கிறது. சயான் ஆஸ்பத்திரி வாசல் அப்பாவுக்கு முன்பே அங்கே இருந்தது; அவர் நடந்தார். வீணாகப் போவதற்கு அதில் எதுவும் அவருடைய முதலீடாக இல்லை.

பெட்டியைத் திறந்த நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, வேறு எதுவும் தோன்றாமல், ரோமர் நான்காம் அதிகாரத்தை அவருக்கு வாசித்தேன். கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல் கடனென்றெண்ணப்படும் என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். 'அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்' என்று முடித்ததும், "கூலி, கடன், எண்ணுறது... இது கணக்குப்பிள்ளை பாஷைல்லா" என்றார். உண்மைதான், பவுல் அந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல், கணக்கில் வைப்பதையும் குறிக்கும், மனதில் கருதுவதையும் குறிக்கும். தமிழில் 'எண்ணு' என்ற சொல்லுக்கும் அதே இரண்டு பொருள்கள். "அப்போ எண்ணுறது அவரு வேலை" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் தூங்கினார்.

கடைசி வாரத்தில், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துப் பையன் ஒருவன் ரயிலிலிருந்து விழுந்து சயானில் கிடப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அப்பாவால் எழுந்து உட்கார முடியாத நிலை. அம்மாவிடம் கஞ்சி வைக்கச் சொல்லி, தூக்குச்சட்டியில் ஊற்றி என்னை அனுப்பினார். பையனுக்குத் தாடையில் கட்டு. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்ட முடிந்தது. திரும்பி வந்தபோது இரவு ஒன்பதரை. அப்பா விழித்திருந்தார். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று நினைத்து, பெட்டியிலிருந்து ஏழாவது ஏட்டை எடுத்துப் பேனாவைத் திறந்துகொண்டு, "எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் ஏட்டைப் பார்க்கவில்லை.

"பய சாப்பிட்டானால?" என்றார்.

பாதி சாப்பிட்டான், மெல்ல முடியவில்லை என்றேன்.

"நாளைக்கு ரசமாக் கொண்டு போ. நல்லமிளகு தட்டிப் போடச் சொல்லு உங்கம்மைட்ட. தாடை வலிக்கி இதமா இருக்கும்" என்றார்.